ஒட்டிச் சேர்த்த சோலோ

அப்புத்தளை

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனம் ஆறியது. வவுனியா வெயிலில் அவவை வெளியே விடாதே. சொன்னால் கேட்கமாட்டா என்று தெரியும், என்றாலும் சொல்லிக்கொண்டே இரு.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. இரவு முழுக்கக் கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது, மேலே கல் ஏற்றி வைத்தும் நிற்கவில்லை. அட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை கொட்டுகிறதாம். நம்ம பக்கம் காய்கிறது. இந்தக் காற்றிலும் வறட்சியிலும்தானே ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறும்! தேயிலை ஸ்டோரில் இரவிலும் வேலை நடக்கிறது. சின்னவன் பதுளைக்கு மாற்றம் கேட்டு எழுதியிருக்கிறான், இன்னும் பதில் இல்லை. எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை.

சரி, நீ எழுதிய மற்ற விஷயத்துக்கு வருகிறேன். 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டின் கடைசி சோலோ, அந்தக் கிட்டார் தனிவாசிப்பு, ஒரே மூச்சில் வாசித்தது இல்லை, துண்டு துண்டாக எடுத்து ஒட்டியது என்று படித்ததும் ஏமாந்த மாதிரி இருந்தது என்றாய். இத்தனை வருடமாக நாம் கண்ணை மூடிக் கேட்டது ஒரு மனிதனுக்கு அந்த ஒரு வேளையில் வந்த வேகம் இல்லையா என்று கேட்டாய். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

நீ படித்தது உண்மைதான். 1979ல் பிங்க் ஃப்ளொய்ட் குழு 'த வோல்' இசைத்தட்டைச் செய்தபோது அவர்களுடைய கிட்டார்காரர் டேவிட் கில்மோர் அந்தச் சோலோவை ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி, வாசித்துப் பதிந்தார். அப்புறம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு தாளில் கட்டம் போட்டு, எந்தத் தடவையில் எந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சரியும் பிழையும் போட்டுக்கொண்டே போனார். பிறகு அந்தத் தாளைப் பார்த்து மிக்ஸிங் மேசையில் ஒரு ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தள்ளுகட்டையை, ஏற்றி, அதை இறக்கி, அடுத்ததை ஏற்றி, ஒரு வாக்கியத்திலிருந்து இன்னொரு வாக்கியத்துக்குத் தாவித் தாவி முழுச் சோலோவையும் கட்டினார். சில இடங்களில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு எந்தக் கையாலும் போகமுடியாத பாய்ச்சல் வந்துவிடுமாம். அப்போது ஒட்டை வேறு இடத்துக்கு நகர்த்தி, இயல்பாகக் கேட்கிற இடமாகத் தேடவேண்டும். இதை ஒளிக்காமல் அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இதில் ஏமாற்று ஒன்றும் தெரியவில்லை, மச்சான். வாசித்தது அவர் விரல். சரி போட்டது அவர் காது. அந்தக் காதுதானே விரலுக்கே பாடம் சொன்னது? கம்பியை மேலே தள்ளி, போகவேண்டிய சுரத்தை அடைந்த பிறகும் உடனே நடுக்காமல், ஒரு கணம் அப்படியே நேராகப் பிடித்து வைத்து, அதன் பிறகே மெல்ல ஆட்டத் தொடங்குவார், கவனித்திருப்பாய். அந்தப் பொறுமையை எந்த ஃபேடராலும் உண்டாக்க முடியாது. இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் முடியும்.

ஒரே டேக்கில், அதாவது ஒரே தடவைப் பதிவில், வாசித்தது என்றால் எட்டி ஹேஸல்தான் என்று நீ எழுதியிருந்தாய். நானும் கும்பிடுகிற வாசிப்பு அது. ஃபங்கடெலிக் குழுவின் 'மேகட் பிரெய்ன்', 1971. உன் அம்மா செத்துவிட்டா என்று இப்போது உனக்குச் செய்தி வந்ததாக நினைத்துக்கொண்டு வாசி என்று குழுத் தலைவர் ஜோர்ஜ் க்ளின்டன் அவரிடம் சொன்னாராம். பத்து நிமிடம், ஒரே டேக். ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் பார். அந்தப் பதிவில் மற்ற வாத்தியங்களும் இருந்தன. கிட்டார் செய்திருக்கிற காரியத்தைக் கேட்டதும், க்ளின்டன் மிக்ஸ் செய்யும்போது மற்றவற்றை அநேகமாக முழுக்கவே இறக்கிவிட்டார். எக்கோவையும் அவர்தான் ஏற்றினார். வெறும் இருட்டில் ஒருவன் தனியே நின்று அழுகிற மாதிரி நாம் கேட்கிறோமே, அந்தத் தனிமை மேசையில் பிறந்தது. நீ உண்மைக்குச் சாட்சியாகக் கூப்பிட்ட பாட்டிலேயே தேர்வு நடந்திருக்கிறது.

ஒப்பாரியை நினைத்துப் பார். நம்ம தோட்டத்து லயத்து வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் குரல் எடுக்கிற அந்தக் கிழவிகள் ஒவ்வொரு வரியையும் அந்த இடத்திலா கட்டினார்கள்? தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் கேட்டு வைத்த வரிகள்தான் பாதிக்கு மேல். செத்தது தாலி கட்டினவரா, பெற்ற பிள்ளையா, பக்கத்து அறைக் காம்பராக்காரியா என்று பார்த்து, எந்த வரி எங்கே விழவேண்டும் என்று எடுத்து வைப்பார்கள். அதைக் கேட்டு நின்ற ஆம்பிளைகள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுததை நீயும் நானும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். பொறுக்கி எடுத்த வரி என்பதால் அந்த அழுகை பொய்யாகிவிட்டதா?

இதற்கு நேர் எதிரான கதை ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வுடையது. அவர்களுடைய கிட்டார்காரர் டொன் ஃபெல்டர் அந்த இசையைத் தன் வீட்டில் ஒரு கசெட்டில் மாதிரியாகப் பதிந்து கொடுத்தார். அதில் வந்த சோலோ கைபோன போக்கில் வாசித்தது. பிறகு மயாமியில் ஸ்டூடியோவில் ஃபெல்டரும் மற்றக் கிட்டார்காரர் ஜோ வோல்ஷும் உட்கார்ந்து புதிதாக எதையோ வாசிக்கத் தொடங்கியதும் குழுவின் பாடகர் டொன் ஹென்லி நிறுத்திவிட்டார். கசெட்டில் இருந்தது அப்படியே வேண்டும் என்றார். கசெட்டோ கலிஃபோர்னியாவில், வீட்டில். ஃபெல்டர் வீட்டு வேலைக்காரம்மாவுக்குப் போன் எடுத்து, அந்தக் கசெட்டைத் தேடிப் போடச் சொல்லி, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கம் பிடிக்கச் சொல்லி, தான் வாசித்ததைத் தானே போனில் கேட்டுத் திரும்பப் படித்துக்கொண்டார். 1976 கடைசியில் வெளிவந்த இசைத்தட்டில் நாம் கேட்பது அதைத்தான். அப்படியானால் அது கைபோன போக்கில் வந்ததா, மனப்பாடமா? எந்தப் பக்கம் வைப்பாய்? இருவரும் மாறி மாறி வாசித்துவிட்டுக் கடைசியில் இரண்டு கிட்டாரும் ஒன்றாக இறங்குகிற இடம் இருக்கிறதே, அங்கே புதுச் சுரம் தேடி அலையவே இல்லை. அடியில் ஓடுகிற 'கோட்', அதாவது ஒன்றாக ஒலிக்கிற சுரக்கூட்டம், அதன் சுரங்களையே ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒருவருக்கு மேல் ஒருவராக வைத்துக்கொண்டு போகிறார்கள். அதனால்தான் கிட்டாரே தொடாதவன்கூட அதை வாயால் பாடிவிடுகிறான்.

'ஸ்டெயர்வே டு ஹெவன்' பற்றி நாம் போதுமான அளவு சண்டை பிடித்தாயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை முன்னர் உனக்குச் சொன்னதில்லை. லெட் ஸெப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் மூன்று தடவை வாசித்துவிட்டு அதில் ஒன்றை எடுத்தார், அது 1971. 'ஏ' சுரத்தை ஸட்ஜமாக வைத்துக் கேள். அவர் பெரும்பாலும் புழங்குகிற ஐந்து சுரங்களும் நம்ம சுத்த தன்யாசி. ராக், புளூஸ் கிட்டார்காரர்களுக்குப் பால்குடி நாளிலிருந்து பழகின ஸ்கேல் அது. கோயில் நாதஸ்வரத்தில் கேட்டுக் கேட்டு நமக்கும் அது உள்ளே கிடக்கிறது. மொழி தெரியாத வயதிலேயே அந்தச் சோலோ நம்மைப் பிடித்து இழுத்ததற்கு எனக்குத் தெரிந்து இதுதான் காரணம். ஆனால் அடியில் 'எஃப்' கோட் வருகிறபோது அவர் சுத்த தன்யாசியில் இல்லாத சுத்த தைவதத்தைத் தொடுகிறார். அந்த ஒரு சுரம்தான் முழு இடத்தையும் நனைக்கிறது. மூன்றில் ஒன்றை எடுத்தபோது அவர் காது இதற்காகவே நின்றிருக்குமோ என்று நினைப்பேன்.

குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்ஸொடி'யில் பிரையன் மே வாசிக்கிற சோலோ மிகச் சின்னது. பாட்டின் மெட்டையே திருப்பிச் சொல்லாமல், அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு சிறிய மெட்டு வேண்டும் என்று நினைத்துச் செய்தது. எனக்கு அதைவிட அந்தக் கிட்டாரில்தான் ஆசை. 1963ல் தகப்பனும் மகனுமாக வீட்டிலேயே செய்யத் தொடங்கியது. கழுத்து ஒரு பழைய கணப்படுப்பின் மேல்பலகையிலிருந்து செதுக்கியது. அந்த மரத்தில் புழு துளைத்திருந்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். துரை பங்களாக்களில் இன்றைக்கும் நிற்கிற கணப்படுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பலகைக்குள் என்ன சத்தம் கிடக்கிறதோ என்று தோன்றும்.

சனிக்கிழமைகளில் வீட்டு முன்காம்பராவில் சில பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தேனே. அதில் ஒரு பிள்ளை, கீழ்த் தோட்டத்திலிருந்து நடந்து வருகிறாள், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறாள். போனில் பாட்டை மெதுவாக்கிக் கேட்டே எல்லாம் பிடிக்கிறாள். நாம் ரெக்கோடிங் பாரில் காசு கொடுத்துப் பதிந்து, பூஞ்சணம் பிடித்த கசெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துக் கேட்டோம். அந்தக் காலம் அவளுக்குக் கதை. டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவின் 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்'கை மார்க் நொப்ளர் பிக் இல்லாமல், கம்பியை மீட்டுகிற அந்தச் சின்னத் தகடு இல்லாமல், வெறும் விரலால் வாசித்தார் என்று சொன்னேன். அடுத்த கிழமையே பிக்கைத் தூக்கி வைத்துவிட்டாள். காலையில் இங்கே குளிருக்கு விரல் மடங்காது, நீ மறந்திருக்க மாட்டாய். அவள் கையை அடுப்பில் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, கட்டைவிரலால் தாழ்ந்த கம்பியையும் மற்ற இரண்டு விரலால் மேல் கம்பியையும் கொக்கி போட்டு இழுக்கிறாள். கம்பி மரத்தில் பட்டுத் தெறிக்கிற அந்தச் சின்னச் சத்தம் அப்படியே வருகிறது.

'கம்ஃபர்டப்ளி நம்' கதையை அவளுக்கும் சொன்னேன். "சேர், அப்போ அவர் யோசிச்சு வாசிச்சாரா, வாசிச்சிட்டு யோசிச்சாரா?" என்று கேட்டாள். இரண்டும்தான் என்றேன். "அப்போ அவரும் அதைப் பிறகு படிச்சிருக்கணுமே," என்றாள். ஆமாம். ஒட்டிச் சேர்த்து முடித்த பிறகு அந்தச் சோலோவை முதலில் படிக்கவேண்டியிருந்த மாணவன் கில்மோர்தான். நாம் அவரிடமிருந்து படித்ததை அவர் தன் காதிடமிருந்து படித்திருக்கிறார்.

ஆகவே ஒரு காரியம் செய். அக்கா தூங்கின பிறகு நல்ல ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு அந்தக் கடைசிச் சோலோவை மட்டும் கேள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடு. கேட்டது என்று நினைக்கிற இடத்தை நிமிடம், செக்கனோடு எழுதி அனுப்பு, நானும் இங்கே தேடிப் பார்க்கிறேன். அதோடு, உனக்குப் பிடித்ததில் நான் இதுவரை கேட்காதது எது என்றும் எழுது. கிட்டார்காரர் சன்டானாவை மட்டும் திரும்ப எழுதாதே, அதில் நமக்குள் வழக்கே இல்லை.

வரும்போது மெல்லிய 9ஆம் நம்பர் கிட்டார் கம்பி இரண்டு செட் வாங்கிக்கொண்டு வா. இங்கே டவுனில் தடித்ததுதான் கிடைக்கிறது, அந்தப் பிள்ளையின் விரல் தாங்கவில்லை. அக்காவுக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்