கிழக்குக் கூரைக்கு ஆறு பேனல் போதும்

தலவாக்கலை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

நம் வீட்டுக் கூரையில் சோலார் போட நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் டவுனில் பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று நாள் படித்தேன். போனில் சொன்னால் “சரிப்பா, சரிப்பா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முப்பத்தொரு வருஷம் ஃபெக்டரியில் கரண்ட் வேலை பார்த்தவன் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி.

முதல் கொட்டேஷன் விலை குறைவு. பெட்டரி கிடையாது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டி, அதாவது இன்வேட்டர், லைன் கரண்டோடு சேர்ந்து மட்டும் ஓடுகிற வகை. கீழ்வீட்டு மாமா போட்டிருப்பதும் இதேதான். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி போல நாடு முழுக்கக் கரண்ட் போனதே, பாணந்துறையில் குரங்கு பாய்ந்தது என்றார்களே, அன்றைக்கு இங்கே சுள்ளென்று வெயில். மாமாவின் கூரை நிறையப் பேனல், வீட்டுக்குள்ளே ஒரு பல்பு எரியவில்லை. என்னுடைய பழைய கார் பெட்டரியில் போன் சார்ஜ் போட நம் வீட்டுக்கு வந்தார். விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டினார். ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். லைனில் கரண்ட் இல்லாதபோது அந்த வகை இன்வேட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவனை நம் கூரைக் கரண்ட் அடித்துவிடும். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் நமக்கு வேண்டியது அது இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்களே, அப்போது அம்மா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரொட்டி சுட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். வாசலில் நின்றால் மேல் கொத்மலை நீர்த்தேக்கம் தெரிகிறது, 2012இலிருந்து 150 மெகாவாட். அதைப் பார்த்துக்கொண்டே தீப்பெட்டி தேடினோம்.

மிச்சக் கரண்டை விற்கலாம் என்று நீ எழுதியிருந்தாய். அந்தக் கணக்கை நம்பி இறங்காதே. வாங்குகிற விலையை அடிக்கடி மாற்றுகிறார்கள். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பாவனை குறைந்துவிட்டது, பகலில் கூரைச் சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே கேட்டுக்கொண்டதே. விற்றால் லாபம், விற்காவிட்டாலும் நஷ்டம் இல்லை என்கிற அளவுக்குப் போட்டால் போதும்.

இரண்டாவது கொட்டேஷன் ஹைபிரிட் இன்வேட்டர், லைன் போனாலும் பெட்டரியில் வீட்டை ஓட்டுகிற வகை, பெட்டரியும் உண்டு. வகை சரி. ஆனால் அதில் ஒரு பிழை. 550 வாட் பேனல் பத்தையும் ஒரே வரிசையாகக் கோர்ப்பதாகப் போட்டிருக்கிறார்கள். ஒரு பேனலின் திறந்த வோல்டேஜ், அதாவது கரண்ட் எடுக்காமல் சும்மா இருக்கும்போது வருவது, 49.5, பத்துக்கு 495. இன்வேட்டர் தாங்குவது அதிகபட்சம் 500. காகிதத்தில் பொருந்துகிறது. ஆனால் அந்த 49.5 என்பது 25 பாகைக்கு உரிய கணக்கு. பேனல் குளிரக் குளிர வோல்டேஜ் ஏறும், இந்தப் பேனலுக்குப் பாகைக்கு 0.27 சதவீதம். தை மாதம் விடிகாலையில் இங்கே 8 பாகை இருக்கும்போது வெயில் பட்டால் 518 வோல்ட் வந்து நிற்கும். இன்வேட்டர் புகைந்தால் வாரண்டியும் கிடைக்காது. கணக்குப் போட்டவர் கொழும்பிலேயே இருந்து போட்டிருக்கிறார், பாவம். அவரிடம், எங்கள் ஊர்க் குளிருக்கு இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள் என்று மட்டும் கேள்.

அப்புறம், பத்து எதற்கு? நானும் அம்மாவும் மாதம் 90 யூனிட் தாண்டுவதில்லை. ஆறு போதும், வோல்டேஜும் 300 அளவில் நின்றுவிடும். மிச்சக் காசைப் பெட்டரியில் போடு. லித்தியம் அயர்ன் (இரும்பு) பொஸ்பேட் வகை, 5 யூனிட் பிடிக்கிறது. ஃபிரிட்ஜ், லைட், டிவி, வைஃபை எல்லாம் ஒரு ராத்திரிக்கு ஓடும்.

ஆறையும் கிழக்குப் பக்கக் கூரையில் வைக்கச் சொல். தெற்கு என்றுதான் புத்தகத்தில் இருக்கும். இங்கே பின்னேரம் இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கினால் எதிரில் இருக்கிற கோயில்கூடத் தெரியாது என்பது உனக்கே தெரியும். நமக்கு வெயில் என்றால் காலை வெயில். ஆனால் வேலியோர வாகை மரத்தின் நிழல் ஒன்பது மணி வரை அந்தப் பக்கம் விழுகிறது. வரிசையில் ஒரு பேனலில் நிழல் விழுந்தால் மற்றதின் கரண்டையும் சேர்த்துக் குறைத்துவிடும். அதற்குப் பேனலுக்கு ஒரு ஆப்டிமைசர், ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாக ஓட வைக்கிற சின்னப் பெட்டி, வேண்டும் என்று விலை போட்டிருக்கிறார்கள். அதை வெட்டிவிடு. மரத்தை நான் கவ்வாத்துப் பண்ணிவிடுகிறேன்.

பேனல் எந்தக் கம்பெனி என்று மண்டையை உடைக்காதே, நல்லதற்குள்ளே பெரிய வித்தியாசம் இல்லை. இன்வேட்டரைப் பார். ஃபெக்டரியில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஈரமும் பல்லியும் செய்த சேதத்தை நான் பார்த்திருக்கிறேன், அதனால் தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 மூடியாக இருக்கட்டும், வீட்டுக்குள் சுவரில் மாட்டட்டும். சித்திரையில் பின்னேரத்து இடிக்கு பேனல் பக்கம், லைன் பக்கம் இரண்டிலும் திடீரென்று ஏறுகிற வோல்டேஜைத் தடுக்கிற சர்ஜ் தடுப்பான், சரியான எர்த். எர்த் கம்பியை நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்.

தகரம் பழசு. ஒரு பேனல் 28 கிலோ, ஏழரை அடி நீளம். ஆடிக் காற்று தூக்கிவிடாமல் கிளாம்ப்பை மரச்சட்டத்தில்தான் இறுக்க வேண்டும், தகரத்தில் அல்ல. ரோட்டிலிருந்து படிக்கட்டில் தூக்கி வர நாலு பையன்கள் வேண்டும், அதற்குக் கூலி கொட்டேஷனில் இல்லை.

கடைசியாக ஒன்று. சோலார் வந்தால் வெந்நீருக்குக் கீசர் போடலாம் என்று அம்மா கனவில் இருக்கிறாள். மூன்று கிலோவாட் கீசர் அந்தப் பெட்டரியை இரண்டு மணி நேரத்துக்குள் காலி பண்ணிவிடும். வெந்நீர் விறகடுப்பிலேயே இருக்கட்டும் என்று நான் சொன்னால் சண்டைதான் வரும். அதை நீயே போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா