ஏடிஎச்டி மாத்திரை: வரவு செலவை யார் எழுதுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கவனச்சிதறலும் அளவுமீறிய துறுதுறுப்பும் உள்ள ஏடிஎச்டி என்ற குறைபாட்டுக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களையும் படித்தேன். ஒருவர் விஷம் என்கிறார், இன்னொருவர் என் மகன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததே அதனால்தான் என்கிறார். நான் தேவகோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் இந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிற தாய் தகப்பன்களைப் பார்க்கிறவன் என்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சீட்டில் பெரும்பாலும் இருப்பது மெத்தில்பெனிடேட். என் கடையில் அது கிடையாது. ஷெட்யூல் எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் விற்கத் தனி உரிமம் வாங்க வேண்டும், மருந்துச்சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும், அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும், சரக்கைப் பூட்டி வைக்க வேண்டும். எப்போதோ வரும் ஒன்றிரண்டு சீட்டுக்காகச் சின்னக் கடை எதுவும் இதில் இறங்காது. கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், கைமாறினால் போதைக்குப் போகக்கூடிய சரக்குதான் அது. ஆனால் புதுவயலிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் ஒரு அட்டை மாத்திரைக்கு மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்களின் ஒரு நாள் கூலியை எந்தக் கட்டுரையும் செலவில் எழுதுவதில்லை. மாத்திரை தீர்ந்துபோய், போக நேரமில்லாமல் இரண்டு வாரம் விட்டு, மறுபடி தொடங்கி, அப்புறம் "இந்த மருந்து கேட்கவே இல்லை" என்று அலுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் கிடைக்கிறது என்பதற்காகவே அட்டமாக்ஸெட்டின் என்ற வேறொரு ஏடிஎச்டி மருந்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களும் உண்டு. அது சாதாரணச் சீட்டுக்கே கிடைக்கும், சரி. ஆனால் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், அதற்கென்று தனிப் பக்கவிளைவுகளும் இருக்கின்றன, முக்கியமாகப் பிள்ளையின் மனநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடை எங்கே இருக்கிறது என்பதா மருந்தை முடிவு செய்வது?

பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதுவரை உள்ள 579 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 14 மாதம் தொடர்ந்து பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். கவனச்சிதறலும் துறுதுறுப்பும் நன்றாகக் குறைந்தது, கவனமாக மருந்து கொடுத்த பிரிவிலும், மருந்தோடு நடத்தைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்த பிரிவிலும்தான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சைக்கு விட்ட நான்காவது பிரிவிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் ஏதோ ஒரு மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் அவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை. முதல் இரண்டு பிரிவுகளில் மாதா மாதம் வரச் சொல்லி, ஆசிரியரிடம் விசாரித்து, அளவைக் கூட்டிக் குறைத்துக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது பிரிவுகளுக்குள் இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது, தொடர்ந்து மருந்து சாப்பிட்ட பிள்ளைகள் சாப்பிடாதவர்களைவிடச் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரம் குறைந்திருந்தார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் பக்கத்தில் அந்த உயரத்தை யார் அளக்கிறார்கள்? எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் தேதி போட்டு எழுதிய நோட்டு ஒன்றை இந்தச் சீட்டோடு வந்த யார் கையிலும் நான் பார்த்ததில்லை. வட்டிக் கணக்கையும் ஐந்தொகையையும் பைசா பிசகாமல் எழுதிய ஊர் இது! மருந்தை நிறுத்துவதும் கணக்கில்லாமல்தான் நடக்கிறது. மதியம் பிள்ளை சோற்றை அப்படியே வைத்துவிட்டால் அப்பத்தாவுக்குப் பொறுக்காது, மறுநாளே மாத்திரை பரணுக்குப் போய்விடும். பசி மந்தம் இந்த மருந்தில் எதிர்பார்க்க வேண்டியதுதான். காலையில் வயிறார இட்லி கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள், மருந்தின் வேகம் இறங்கிய பிறகு சாயந்திரம் பசி வரும், அப்போது பணியாரமோ முட்டையோ தாராளமாகக் கொடுங்கள் என்று யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதி வீடுகளில் சண்டை வந்திருக்காது. தூக்கம் கெட்டாலும் எடை இறங்கினாலும் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள், நீங்களாக அளவை மாற்றாதீர்கள். வீட்டில் யாருக்காவது இளவயதில் இதய நோய் இருந்திருந்தால் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சேட்டை செய்கிற பிள்ளைக்கெல்லாம் ஏடிஎச்டி இல்லை. அறிகுறி பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். வகுப்பிலேயே வயது குறைந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாக ஒட்டப்படுகிறது என்று 2018இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இடம் போய்விடும் என்று மூன்று வயது நிறையுமுன் எல்கேஜியில் தள்ளுகிற நாம் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, அதில் பலன் போதாவிட்டால்தான் மருந்து என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே 2019 வழிகாட்டுதலில் சொல்கிறது. அந்தப் பயிற்சியைக் காரைக்குடியில் எங்கே போய்க் கற்பது என்று என்னிடம் கேட்கிறார்கள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பள்ளிகளுக்கு வரும் ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம்) மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைபாடுகளில் ஏடிஎச்டியும் ஒன்று. சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே இந்த மாத்திரை தொடர்ந்து கையிருப்பில் உண்டா, பள்ளியில் கண்டுபிடித்து அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி வந்தார்கள், தாய் தகப்பனுக்குப் பயிற்சி தர ஆள் போட்டிருக்கிறார்களா என்று உங்கள் நிருபர் நேரில் போய்க் கேட்டு எழுதினால், வாரா வாரம் வருகிற விஷமா அமுதமா கடிதங்களைவிட எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு மருந்துக்கடைக்காரர்,
தேவகோட்டை.