துரைக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள துரைக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. பதில் எழுதாதது என் தவறுதான். மே மாதம் அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றி வேலந்தாவளம் சோதனைச் சாவடியைக் கடந்து கோவைக்குக் கொண்டுபோன நாள் முதல் என் மனம் வேறெதிலும் நிற்கவில்லை. மற்றவர்கள் நலம். மாணிக்கம் சாரிடம் நீ கேட்டதைச் சொல்லிவிட்டேன், சிரித்தார்.

அண்ணனுக்குக் கல்லீரல் சுருங்கியிருந்தது உனக்குத் தெரியும். கள்ளுக்கடை வாசலை மிதிக்காத மனிதர். இருபது வருடச் சர்க்கரையும் கல்லீரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை அது. ஆனாலும் குடித்துக் கெடுத்துக்கொண்டதாகவே ஊர் பேசுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கொரோனா வந்தபோது அவருக்குக் காய்ச்சல் பெரிதாக இல்லை. மூன்று நாள் வயிற்றுப்போக்கும், தாங்க முடியாத உடம்பு வலியும்தான். மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிவந்து இரண்டு வேளை கொடுத்தவன் நான். கால் வீக்கத்துக்கான நீர் மாத்திரையையும் அவர் வழக்கம்போல் விழுங்கிக்கொண்டிருந்தார். நாங்களோ விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரையே பார்த்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் 96 சதவீதம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். ஆறாம் நாள் இரவு அண்ணி அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையை எடுத்துவந்து காட்டினார். அன்று முழுவதும் சேர்ந்த சிறுநீர் 200 மில்லியைத் தொடவில்லை. நிறம் பால் விடாத கட்டன் சாயாவைப் போல் இருந்தது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து ரத்தத்தில் சேரும் கழிவு; சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ஏறும். ஏப்ரலில் 0.9 இருந்த அது மறுநாள் 2.9.

வலி மாத்திரையையும் நீர் மாத்திரையையும் உடனே நிறுத்தி இரண்டு நாள் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றினார்கள். அப்படியும் கிரியேட்டினின் 3.8க்கு ஏறியது. சிறுநீரில் புரதமோ ரத்தமோ இல்லை, ஸ்கேனிலும் சிறுநீரகங்கள் நன்றாகவே தெரிந்தன. "சிறுநீரகம் பழுதாகவில்லை, பட்டினி கிடக்கிறது" என்றார் டாக்டர். கல்லீரல் இறுகும்போது குடல் பக்கத்து ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் அங்கே தேங்கிவிட, ரத்தமே குறைந்துவிட்டதாக எண்ணி உடம்பு சிறுநீரகத்துக்குப் போகும் குழாய்களை இறுக்கிவிடுமாம். அந்த நெருக்கடியிலும் குழாய்களைச் சற்றே திறந்து வைத்திருக்கும் சுரப்பைத்தான் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தடுக்கின்றன. கொரோனாவும் வயிற்றுப்போக்கும் ஏற்கெனவே விளிம்பில் நின்றவரைத் தள்ளின. நான் கொடுத்ததும் சேர்ந்து தள்ளியது. இதை நினைத்து எத்தனையோ இரவுகள் தூங்காமல் கிடந்தேன், துரை.

விரிந்த குடல் பக்கத்துக் குழாய்களைச் சுருக்கும் டெர்லிப்ரெசின் என்ற ஊசியை, ஆல்புமினோடு சேர்த்துத் தொடங்க வேண்டியிருந்தது. ஆல்புமின் அதிகமானால் நுரையீரலில் நீர் கோக்கும்; அந்த ஊசியும் மூச்சை முட்டவைக்கக்கூடியது. நுரையீரல் ஏற்கெனவே தளர்ந்த கொரோனா நோயாளிகள் பலருக்கு அதைக் கொடுக்கவே துணிய மாட்டார்கள் என்றார்கள். அண்ணனின் 96 அப்போதுதான் கை கொடுத்தது. ஐந்தாம் நாள் குவளையில் 900 மில்லி. அண்ணி அதைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதார். இப்போது கிரியேட்டினின் 1.3. ஆனால் தசை வற்றிய உடம்புக்கு அந்த 1.3 கூட ஆறுதல் தரும் எண் அல்ல என்கிறார் டாக்டர். மாற்றுக் கல்லீரல் வைப்பதுதான் நிலையான வழியாம். அண்ணன் மகள் தன் கல்லீரலில் ஒரு பங்கைத் தருகிறேன் என்று நிற்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு ரத்தப் பரிசோதனை.

உன் இரண்டாம் கடிதத்தைப் படித்ததும் கை நடுங்கியது. அம்மாவுக்குக் கல்லீரல் வீங்கியிருக்க, மூட்டு வலிக்குத் தினம் ஒரு மாத்திரையும், கொரோனாவுக்குப் பயந்து காலையில் சீந்தில் கொடிக் கஷாயமும் தருவதாக எழுதியிருக்கிறாய். சீந்தில் குடித்தபின் கல்லீரல் பாதிக்கப்பட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-இல் எழுதியிருக்கிறார்கள். கஷாயத்தை இன்றே நிறுத்திவிடு. வலிக்கு என்ன கொடுக்கலாம் என்று டாக்டரையே கேள். பாராசிட்டமால் என்றாலும் எத்தனை என்று கேட்டுக்கொள். அம்மாவின் பழைய கிரியேட்டினின் அளவைத் தேடி எடுத்துப் புதியதோடு சேர்த்து எனக்குத் தொலைபேசியில் சொல். கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
ராமு