ஓவர்ஹால் முடிந்த எஞ்சினுக்கு மூச்சுவிட வழி இருக்கிறதா?

பழைய கார் எஞ்சின்களைப் பிரித்து, ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து), திரும்பக் கட்டித் தரும் மெக்கானிக்குகளுக்கு,

வணக்கம். புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங், எல்லா கேஸ்கெட்டும் புதிது. ஆனால் சில நாள் ஓடியதும் பின்பக்க மெயின் சீலில் ஆயில் கசிகிறது, டேப்பெட் கவர் ஓரத்தில் ஈரம், டிப்ஸ்டிக் குழாய் வழியாகக்கூட ஆயில் துப்புகிறது. உடனே எஞ்சினை இறக்கி இன்னொரு சீல் போடுகிறோம். கொஞ்ச நாளில் அதுவும் கசிகிறது. உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இரண்டாவது முறை எஞ்சினை இறக்கும் முன், கிராங்க்கேஸுக்குள் (பிஸ்டன்களுக்குக் கீழே கிராங்க்‌ஷாஃப்ட் சுழலும் அறை) எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

எவ்வளவு நன்றாகக் கட்டிய எஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். இந்த ப்ளோ-பை வெளியே போக வழி இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். சீல் புதிதாக இருந்தாலும் தள்ளும். ஆஸ்டின் ஏ-சீரிஸ் போன்ற எஞ்சின்களில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. கிராங்க்‌ஷாஃப்டில் வெட்டிய சுருள் மறைதான் ஆயிலை உள்ளே திருப்பி விடுகிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த மறையால் எதுவும் செய்ய முடியாது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் டியூபை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப்ஸ்டிக் குழாயில் காற்று கசியாமல் மாட்டுங்கள். தண்ணீர் எஞ்சினுக்குள் இழுக்கப்படாதபடி டியூப் நல்ல உயரமாக இருக்கட்டும். எஞ்சின் சூடானபின், எல்லா மூடியும் ஹோஸும் அதனதன் இடத்தில் இருக்க, ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) பாருங்கள். பிசிவி வால்வு, அதாவது கிராங்க்கேஸ் வாயுவை மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) விடும் வால்வு, உள்ள எஞ்சினில் எஞ்சின் பக்கத் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறி நிற்க வேண்டும். உள்ளே லேசான வெற்றிடம் இருக்கிறது என்று அர்த்தம். கீழே இறங்கினால் அழுத்தம் சேர்கிறது. ரொம்ப உயரத்துக்கு ஏறினால் அதுவும் கோளாறுதான்: புதுக் காற்று நுழையும் ப்ரீதர் அடைத்திருக்கும், எஞ்சின் சீல் வழியே தூசியோடு காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, வழி அடைபட்டதா, வாயு அதிகமா? ஐடிலில் பிசிவி வால்வைக் கழற்றி அதன் வாயில் விரல் வைத்தால் நல்ல இழுப்பு தெரிய வேண்டும். இழுப்பு இல்லை என்றால் வால்வையோ, ஹோஸையோ, மேனிஃபோல்டில் அது சேரும் துளையையோ கரி அடைத்திருக்கிறது. மென்மையான ஹோஸ் போட்டிருந்தால் சூட்டில் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இழுப்பு சரியாக இருந்தும் அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் திரும்புங்கள். ஒவ்வொரு சிலிண்டரையும் கம்ப்ரஷன் டிடிசியில் (இரு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) நிறுத்தி, காற்று ஏற்றி, ஆயில் ஊற்றும் துளையில் காது வைத்தால் ரிங் வழியே இறங்கும் காற்றின் சீறல் கேட்கும்.

புது எஞ்சினில் ரிங் சிலிண்டர் சுவரோடு பொருந்தி உட்காராததற்கு ஒரு காரணம் நாம் ஓட்டும் விதம். முதல் ஸ்டார்ட்டில் கேம்ஷாஃப்டுக்காக ஆர்பிஎம்மை ஏற்றி ஓடவிடுவது சரி. அதன் பிறகு நாள்கணக்கில் ஐடிலிலேயே விட்டு, லோடே கொடுக்காமல் பயந்து பயந்து ஓட்டினால் ஹோனிங் கோடுகள் (சிலிண்டர் சுவரில் போட்ட நுண்கீறல்கள்) மழுங்கி, சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். மேல் பக்கம் என்று குறியிட்ட ரிங்கைத் தலைகீழாகப் போட்டாலும் ஆயில் மேலே ஏறும், வாயு கீழே இறங்கும்.

ஆனால் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் வேறு. ஓவர்ஹாலின்போதே மூச்சுவழியை அறியாமல் மாற்றிவிடுகிறோம். பழைய டேப்பெட் கவருக்குள், ப்ரீதர் துளைக்கு நேர் கீழே, ஒரு தகரத் தடுப்பு இருக்கும். தெறிக்கும் ஆயிலை வாயுவிலிருந்து பிரிப்பது அதன் வேலை. பளபளப்பான புது கவர் மாட்டும்போது பல நேரம் அந்தத் தடுப்பு இருப்பதில்லை. அப்புறம் பிசிவி வால்வு ஆயிலை நேராக மேனிஃபோல்டுக்கு உறிஞ்சும், சைலன்சரில் நீலப் புகை வரும், பழி ரிங் மேல் விழும். ப்ரீதருக்குள் இருக்கும் கம்பி வலையைக் கழுவாமல் மேலே பெயின்ட் அடித்துவிடுவது, சிலிக்கான் பேஸ்ட் பிதுங்கித் துளையை அடைப்பது, காற்று உள்ளே வர வேண்டிய ஆயில் மூடிக்குப் பதிலாக முழுக்க மூடிய மூடியைப் போடுவது, எல்லாமே இதே கணக்குதான்.

கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்து பிசிவி வந்தது. அதற்கு முந்தைய பல கார்களில் வண்டிக்கு அடியில் சாய்வாக வெட்டிய ஒரு குழாய் மட்டும்தான் இருந்தது. வண்டி வேகமாக ஓடும்போது அடியில் போகும் காற்றுதான் உள்ளே இருப்பதை இழுக்கும். நின்றால் இழுப்பு இல்லை, அதனால் அந்த எஞ்சினில் ஐடிலில் லேசாக அழுத்தம் தெரிவதைக் கோளாறு என்று சொல்லக் கூடாது. இப்போது இந்த கார்கள் பெரும்பாலும் மெதுவாக, கொஞ்ச தூரம்தான் ஓடுகின்றன. ஈரம் உள்ளேயே தங்கி, ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் படியும். அதைப் பார்த்ததுமே ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றாதீர்கள். கூலன்ட் குறைகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படிப்பட்ட எஞ்சினுக்கு பிசிவி சேர்ப்பது நல்ல யோசனை என்றே நினைக்கிறேன். கையில் கிடைத்த வால்வைப் போடாதீர்கள். ஐடிலில் எவ்வளவு காற்று விட வேண்டும், லோடில் எவ்வளவு என்பதை அதன் ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. அது அந்தந்த எஞ்சினுக்கு ஏற்றபடி அமைந்தது. குலுக்கினால் சத்தம் வருகிறது, எனவே வால்வு சரி என்பார்கள். அது சிக்கவில்லை என்பது மட்டும்தான் அதில் தெரியும். கேம் மாற்றி ஐடில் வெற்றிடம் குறைந்த எஞ்சினில் சாதாரண வால்வு தேவைக்கு மேல் திறந்து கிடக்கும், ஐடில் தடுமாறும். வால்வு போட்டபின் கார்புரேட்டரின் காற்று-பெட்ரோல் கலவையையும் திரும்ப செட் செய்ய வேண்டும். முழு ஆக்ஸிலரேட்டரில் மேனிஃபோல்டில் இழுப்பே இருக்காது என்பதால், மிஞ்சும் வாயு எதிர்வழியில் ஏர் கிளீனருக்குப் போக ஒரு ஹோஸும் வேண்டும்.

எஞ்சினைத் திருப்பித் தரும்போது, சூடான நிலையில் ஐடிலில் எடுத்த அழுத்த அளவை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று ஒரு வரி போதும். கழற்றிய பழைய கவரையும் ப்ரீதரையும் ஆயில் மூடியையும் எறியாமல் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்குப் புகை வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் வேண்டும்.

அன்புடன்,
பழைய கார் ஒன்றை ஓட்டிவரும் உங்கள் வாடிக்கையாளர்