போதகருக்கு மட்டும் ஏன் இவ்வளவு இரக்கம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நதானியல் ஹாதோர்ன் 1850இல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் கணவன் அல்லாதவனால் குழந்தை பெற்றதற்காக ஊர் முன் தண்டிக்கப்படும் நாயகி ஹெஸ்டரை விடப் போதகர் டிம்ஸ்டேல்தான் அதிகம் துன்பப்பட்டார் என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த முதல் தண்டனை மேடைக் காட்சியை எடுத்துப் பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டன் சந்தை வெளியில், கையில் மூன்று மாதக் குழந்தை, மார்பில் கள்ள உறவுக்கு (adultery) அடையாளமான சிவப்பு 'ஏ' எழுத்து என்று ஹெஸ்டர் நிற்கிறாள். இந்தத் தண்டனை போதாது, நெற்றியில் சூடு போட்டிருக்க வேண்டும் என்கிறாள் கூட்டத்தில் ஒருத்தி, கொன்றே போட்டிருக்க வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. அப்போது மேலே பால்கனியில் ஆளுநர் வரிசையில் இருந்துகொண்டு, உன்னோடு தவறு செய்தவன் பெயரைச் சொல் என்று அவளைக் கேட்பவர் யார்? அந்தக் குழந்தையின் தகப்பனான இதே டிம்ஸ்டேல்! மூத்த போதகர் வற்புறுத்தியதால் கேட்டார், சரி. ஆனால் கேட்டாரே.

டிம்ஸ்டேல் உண்மையைச் சொல்லப் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைய மாசசூசெட்ஸ் சட்டப்படி கள்ள உறவுக்கு மரண தண்டனை, 1644இல் ஓர் ஆணையும் பெண்ணையும் அதற்காக நிஜமாகவே தூக்கில் போட்டிருக்கிறார்கள். அதே சட்டம் ஹெஸ்டரின் கழுத்துக்கும் உண்டுதானே? பெயரைச் சொல்லி மனம் திருந்தினால் மார்பில் இருக்கும் எழுத்தை எடுத்துவிடவும் கூடும் என்று ஆசை காட்டிப் பார்க்கிறார்கள், அவள் பெயரைச் சொல்லவே இல்லை.

அதன்பிறகு ஏழு வருஷம் அவள் ஊருக்கு வெளியே, கடற்கரை ஓரத்துக் குடிசையில் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். ஆளுநரின் ஆடைக்குக்கூட அவள் கை வேலைப்பாடு வேண்டும், மணப்பெண்ணின் முக்காட்டுக்கு மட்டும் ஆகாது. டிம்ஸ்டேலோ ரகசியமாகத் தன்னைச் சாட்டையால் அடித்துக்கொள்கிறார், பிரசங்க மேடை ஏறி நான் மகா பாவி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார், ஜனங்கள் அதைக் கேட்டு இன்னும் அதிகமாகக் கும்பிடுகிறார்கள். அப்படித்தான் நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தில் ஹாதோர்னே அவரை நயவஞ்சகர் என்று சொல்லிவிடுகிறார், கட்டுரையாளர்தான் சொல்லவில்லை.

ஹாதோர்னின் முன்னோர் ஒருவர் மாசசூசெட்ஸின் சேலம் ஊரில் சூனியம் செய்ததாகப் பலரைத் தூக்கில் போட்ட 1692 வழக்குகளில் நீதிபதியாக இருந்த தகவலைக் கட்டுரை தருகிறது, தந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. பால்கனி ஆட்களின் வம்சத்தில் வந்தவர் என்பதால்தான் அவர்களை இவ்வளவு துல்லியமாக எழுத முடிந்தது என்பது என் எண்ணம்.

கடைசியில் டிம்ஸ்டேல் அதே தண்டனை மேடையேறி, மார்பைத் திறந்து காட்டி ஒப்புக்கொள்கிறாரே என்பீர்கள். சொன்ன கையோடு செத்தும் போகிறார். நேரில் பார்த்தவர்களிலேயே சில பெரிய மனிதர்கள், அவர் மார்பில் எந்த அடையாளமும் இல்லை, குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, எல்லாரும் பாவிகளே என்று நமக்குப் புரியவைக்கத்தான் அந்தப் பெண்ணின் கைகளில் உயிரை விட்டார் என்று சாதிக்கிறார்கள். ஹெஸ்டருக்காக இப்படி ஒரு வாய்கூடப் பேசவில்லை. கடைசி அதிகாரத்தில் வரும் இந்த இடம்தான் கட்டுரையில் விடுபட்டிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி