சாவி யாரிடம் இருக்கிறது? செட்டிநாட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் மாவட்டங்களில் சுற்றுலாப் பணிகளைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியில் குடியிருப்பவன் எழுதுகிறேன். எங்கள் பக்கம் வருகிற பயணிகளின் வண்டிகள் மாறிவிட்டன. முன்பு மதுரையிலோ திருச்சியிலோ ஒரு காரைப் பேசி, ஓட்டுநரோடு வருவார்கள். இப்போது சொந்தக் காரில் வருகிறார்கள். இல்லையென்றால், கருப்புப் பலகையில் மஞ்சள் எண் எழுதிய வாடகைக் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். இளைஞர்களும் சின்னப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்களும் இதில் நிறைய.

அந்தக் காலத்து ஓட்டுநர் அண்ணனுக்கு எல்லாம் தெரியும். கானாடுகாத்தானில் நகரத்தார் கட்டிய பழைய பெரிய வீடுகளில் இன்றைக்கு எது திறந்திருக்கும், பூட்டிய வீட்டின் சாவி எந்த ஆச்சியிடம் இருக்கும், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில் எந்த நேரம் போனால் கண்ணாடியின்மேல் வண்ணக் கலவை ஊற்றுவதைப் பார்க்கலாம், காரை எந்த ஊரணிக் கரையில் நிறுத்தலாம் என்று எல்லாவற்றையும் கேட்காமலே சொல்வார். தானே ஓட்டி வருகிறவருக்கு அந்த அண்ணன் இல்லை. கைபேசி வரைபடம் வழியைச் சரியாகக் காட்டிவிடும். சாவி யாரிடம் என்று அதற்குத் தெரியாது. அகலமான தெருவில், பூட்டிய பெரிய கதவுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உள்ளே முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று அடுத்த தெரு வரைக்கும் நீளும் வீட்டை அவர்கள் பார்க்கவே இல்லை. பர்மாத் தேக்குத் தூணையும், முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இன்னமும் கண்ணாடி மாதிரி மினுங்குவதையும் யார்தான் தெருவில் நின்றபடி தெரிந்துகொள்ள முடியும்?

வீட்டைத் திறப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை என்று எனக்கும் தெரியும். ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் மலேசியாவில் என்று சிதறிக் கிடப்பார்கள். ஆனாலும் வழி இருக்கிறது. ஆத்தங்குடிப் பெரிய வீட்டில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள். மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். ஊருக்கு ஒரு வீடு, வாரத்தில் இரண்டு நாள், குறித்த நேரத்தில் திறக்கப் பங்காளிகளைச் சம்மதிக்க வைத்தால் போதும். அந்தப் பட்டியலை உங்கள் துறை வெளியிட்டால் நம்பி வருவார்கள். பராமரிப்புக்குப் பணம் வராத வீடு கடைசியில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வாருங்கள். நிலையும் கதவும் தூணுமாகப் பிரித்து விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள். 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிற ஊர்களின் கதவுகள் அவை. அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அடுத்தது கடல். இதற்காகத்தான் மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன். செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரைக்குடியோடு திரும்பிவிடுகிறார்கள். தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனால் ஒன்றரை மணி நேரம்தான். நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் செய்தி. கடல் பொங்கிய பயத்தில்தான் வீட்டை இவ்வளவு உயரமான மேடையில் கட்டினார்கள் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலில் வந்தவை. இந்த வீடுகளைப் பார்த்தவர் கடலையும் பார்த்தால்தான் கதை முழுசாகும்.

திருமயத்தில் நிற்கிற கோட்டையை 1687-இல் கட்டியவர் இராமநாதபுரத்துச் சேதுபதி. அந்தக் கோட்டையிலிருந்து இராமேசுவரம் கடல் வரைக்கும் அன்றைக்கு ஒரே சீமை. இன்றைக்குப் பயணி திருமயத்தில் புதுக்கோட்டை மாவட்டம், கானாடுகாத்தானில் சிவகங்கை, தொண்டியில் இராமநாதபுரம் என்று ஒரே நாளில் மூன்றையும் தாண்டிவிடுகிறார். எல்லைக்கல்லோடு நின்றுவிடாத ஒரே வரைபடமும், ஒரே மாதிரியான வழிப்பலகைகளும் அவருக்கு வேண்டும்.

தொண்டியில் அலை இராது. பாறையும் பேரலையும் எதிர்பார்த்து வருகிறவர் முதலில் ஏமாந்துபோவார். பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நம் மீனவர்கள் சொல்வதை ஒரு பலகையில் எழுதி அங்கே வைத்தால், அந்த அமைதியை அவர் வேறு கண்ணோடு பார்ப்பார். தெற்கே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். தேவிபட்டினத்தில் நவகிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்களான நவபாஷாணம் கடலுக்குள்ளேயே நிற்கிறது. அப்புறம் பாம்பன் பாலம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017 முதல் நல்ல சாலை இருக்கிறது. இரண்டு கடலையும் இருபுறமும் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிற அந்தக் கடைசி நீட்டத்துக்கு ஈடான சாலையை நான் பார்த்ததில்லை. ஆனால் மாலைக்குமேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை. அந்த நேரக் கட்டுப்பாட்டை இராமநாதபுரத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். காலையில் செட்டிநாட்டில் கிளம்பி, பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் ஓட்டிப் போனவர் தடுப்பைப் பார்த்துத் திரும்புவது கொடுமை.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டியதில்லை. தொண்டியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மீமிசல் வந்து, உள்ளே திரும்பினால் ஆவுடையார்கோயில். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர், அந்தப் பணத்தில் கோயில் கட்டினார் என்று சொல்லப்படும் திருப்பெருந்துறை அதுதான். கருங்கல்லில் மரச்சட்டம் போலச் செதுக்கிய கொடுங்கையை, அதாவது வளைந்து இறங்கும் கூரை விளிம்பை, நிதானமாக அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி வந்துவிடலாம். மீமிசலுக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசு காப்பகமாக அரசு அறிவித்தது. இந்தியாவில் அதுதான் முதலாவது. அந்தக் கரையோரம் போகிறவருக்கு இதையும் யாராவது சொல்ல வேண்டாமா?

இந்தத் தடத்தில் பெண்கள் தயங்காமல் நுழையும்படியான கழிப்பறைகள் வேண்டும். கானாடுகாத்தானில் ஊருக்கு வெளியிலேயே கார் நிறுத்த இடம் கொடுத்து, தெருக்களில் நடந்து பார்க்க விட வேண்டும். இரவில் கடற்கரைச் சாலையில் ஆடுமாடு குறுக்கே வரும் இடங்களில் ஒளிரும் பலகை வேண்டும். புதிதாகச் சாலை எதுவும் போடச் சொல்லவில்லை. இருக்கிற சாலை போதும்.

மழை ஓய்ந்து தை பிறந்தால் கார்கள் வரத் தொடங்கும். அதற்குள் மூன்று மாவட்டத்து அலுவலர்களும் ஒரு நாள் ஒரே மேசையில் உட்காருங்கள். முதல் பலகையைத் திருமயம் கோட்டை வாசலிலும் அடுத்ததைத் தொண்டியிலும் வைக்கலாம். வீட்டுக்காரர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கவும், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டவும் எங்கள் ஊர்களில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடிவாசி ஒருவன்