பெயின்ட் வேண்டாம், குழாயை மாற்றித் தாருங்கள்: மீண்டும் ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
வாடகைக் குடியிருப்புப் பராமரிப்பு, சென்னை.

பொருள்: படுக்கையறைச் சுவரில் நீர்க்கசிவு, பூசணம் – சரிசெய்து தரக் கோருதல் தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள சி பிளாக்கில் முதல் தளத்தில் குடியிருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தாங்கள் நேரில் வந்து பார்த்த அதே பிளாக்.

1. மேல்வீட்டுக் குளியலறைத் தரைக்கடியில் குழாய் இணைப்பு விட்டுப்போய், எங்கள் சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது. மழையால் வந்த ஓதம் என்று எழுதி முடித்துவிட வேண்டாம். மே மாத வெயிலிலும் அந்தச் சுவர் காயவில்லை.

2. போன வருடம் ஆட்கள் வந்தார்கள். பூசணத்தைச் சுரண்டி, ஈரச் சுவர்மேல் பெயின்ட் அடித்தார்கள். குழாயைத் தொடவே இல்லை. தீபாவளிக்கு அடித்த பெயின்ட் பொங்கலுக்குள் கொப்பளித்து உரிந்துவிட்டது.

3. என் மாமனாருக்கு 78 வயது, இளைப்பு உண்டு. அவர் கட்டிலைப் போட அந்த அறையை விட்டால் இடமில்லை. எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரு பக்கம் அந்தச் சுவரில்தான் இடிக்கிறது. நடுவில் பிளாஸ்டிக் ஷீட் கட்டினோம். அதற்குப் பின்னாலும் கறுப்பாகப் படர்ந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தால் அந்த நெடியே அவருக்கு ஆகவில்லை. துடைக்காமல் விட்டால் பூசணம். காலையில் தலையணையில் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து கிடக்கிறது. நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்தால் விடியும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவரை அந்தச் சுவரிலிருந்து தள்ளிப் படுக்க வையுங்கள் என்கிறார் டாக்டர். எங்கே தள்ளிப் படுக்க வைப்பது, ஐயா?

4. சுவிட்ச் போர்டும் அதே சுவரில்தான். ஷாக் அடிக்கிறது.

5. இத்தனையும் எழுதிக் கொடுத்த பிறகு, ‘புகார் சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வருகிறது. யார் வந்தார்கள்? எதைச் சரிசெய்தார்கள்? கேட்டால் நிதி வரட்டும் என்கிறார்கள். வாடகை மட்டும் மாதம் தவறாமல் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறதே! மேல்வீட்டார் தரையை உடைக்கச் சம்மதித்து எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் என்ன தடை?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மழை நிற்கட்டும் என்பார்கள். அதற்கு முன்பே குழாயை மாற்றி, நீர்க்கசிவு தடுப்புப் பூச்சு போட்டு, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சிமென்ட் பூச உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இன்னொரு முறை பெயின்ட் டப்பாவோடு ஆளை அனுப்ப வேண்டாம். குழாயை மாற்றித் தாருங்கள், ஐயா. அந்தப் பெரியவருக்காகக் கைகூப்பிக் கேட்கிறேன், குழாயை மாற்றித் தாருங்கள்.

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல்கள், சுவரின் புகைப்படங்கள், மேல்வீட்டாரின் சம்மதக் கடிதம்.

இப்படிக்கு,
சி பிளாக், முதல் தளக் குடியிருப்பாளர்